கடலேட்டின் பாடபேதம்

எம் கல்லூரியிற் பயின்று, இப்பொழுது பல்கலைக்கழகத்திற் கடலியல் கற்கும் மாணாக்கன் ஒருவன் சென்ற விடுமுறையில் என்னைக் காண வந்தான். வந்தவன் தன் மடிக்கணினியை விரித்து, "ஐயா, இதுதான் நாங்கள் வாசிக்கிற ஏடு" என்றான்.

திரையிலே தோன்றியது 'ஓஷன் டேட்டா வியூ' என்னும் மென்பொருள். ஜேர்மனி நாட்டு அல்பிரட் வெகனர் நிறுவனத்தைச் சேர்ந்த ரைனர் ஷ்லிட்சர் என்பார் ஆக்கியது. ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் இலவசமாய்க் கிடைப்பது. ஆர்கோ மிதவைகள் தந்த அளவைகள் அதனுள்ளே நிரைநிரையாய் இருந்தன. உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 மிதவைகள் உலாவுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை 1,000 மீற்றர் ஆழத்தில் நீரோட்டத்தின் வழியே சென்று, 10 நாளைக்கு ஒருமுறை 2,000 மீற்றர் வரை தாழ்ந்து, மேலெழும்போது நீரின் வெப்பநிலையையும் உவர்ப்பையும் அளந்து, செய்மதி வாயிலாகக் கரைக்கு அறிவிக்கின்றன.

ஓரிடத்தில் உவர்ப்பைக் காட்டும் கோடு முறைதவறி விலகி நின்றது. "பிழையெனின் அதனை நீக்கிவிடலாமே?" என்றேன்.

"நீக்கக்கூடாது, ஐயா" என்றான் அவன்.

நெடுநாட் கடலிற் கிடக்கும் கருவி சிலபோது அளவு பிறழ்வதுண்டு. ஆயினும் அது சொன்ன எண்ணை எவரும் அழிப்பதில்லை. எண்ணின் அருகே ஒரு குறி இடுவர்: 1 எனின் நன்று, 2 எனின் நன்றாகலாம், 3 எனின் பிழையாகலாம், 4 எனின் பிழை. முதலிற் கணினி தானே சோதிக்கும். பின்னர் வல்லுநர் ஆராய்ந்து, திருத்திய எண்ணை மூல எண்ணின் பக்கத்தே வைப்பர். பிழைக்குறி பெற்றவற்றை மென்பொருளில் மறைத்துப் படம் வரையலாம். வேண்டியபோது மீட்டுங் காட்டலாம். நாளை வருவோர் இன்றைய திருத்தத்தையே திருத்த நேரின், மூலம் அவர் கைக்கு எட்டும்.

இதனைக் கேட்டபோது என் நெஞ்சு என்னைச் சுட்டது. இளமையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டு ஏட்டிலிருந்து பள்ளு நூலொன்றைப் படியெடுத்தேன். பொருள் விளங்காத இடங்களிற் சொற்களை என் மதிக்கு இசைந்தவாறு மாற்றினேன், மாற்றியதைக் குறித்தேனல்லேன். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் அவ்வேடு அழிந்துபோயிற்று. எஞ்சியது என் படி ஒன்றே. அதிற் புலவர் வாக்கு எது, என் வாக்கு எது என்பதை இன்று யானே அறியேன்.

மாணாக்கன் விடைபெற்றபின் அப்படியை எடுத்து வைத்து, ஐயமுள்ள அடிகளின் ஓரத்தே 3 என்று குறிக்கத் தொடங்கினேன். ஏடு பதிப்பிக்க முன்வரும் இளைஞர்க்கு யான் சொல்லக்கூடியது இதுவே: திருத்துங்கள், ஆனால் திருத்தியதை மறையாதீர்கள்.