இட்லிப்பூச் செடி ஏன் மஞ்சளாகிறது?

வாங்கும்போது கரும்பச்சையாக இருந்த இட்லிப்பூச் செடி, நட்ட சில மாதங்களில் வெளிறிப்போகிறது. சாணம் போட்டாயிற்று, கடை உரமும் போட்டாயிற்று, இன்னும் தேறவில்லை. தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. வைத்தியம் பார்க்கும் முன், அது எந்த இட்லிப்பூ என்று தெரிந்துகொள்வது நல்லது. நர்சரியில் ஒரே பெயரில் இரண்டு மூன்று செடிகளை விற்கிறார்கள்.

நம் மண்ணுக்குரியது வெட்சி. தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் தாயகம். சங்க காலத்தில் ஆநிரை, அதாவது பகைவரின் பசுக்கூட்டம், கவரப் போன வீரர்கள் சூடிய பூ. சங்க இலக்கியப் புறத்திணை ஒன்றுக்கே அதன் பெயர். முருகனுக்கு உகந்த பூவும் அதுதான். கேரளக் கோயில்களில் தெச்சி என்று மாலையில் வருவதும் இதே செடியின் பூதான்.

அடையாளம் காண பூவைவிட இலையே உதவும். எதிரெதிராக நிற்கும் இரண்டு இலைகளுக்கு நடுவே, தண்டை ஒட்டி, கூர்நுனி கொண்ட சிறு முக்கோணச் செதில் இருக்கும். காப்பிச் செடியிலும் இதைப் பார்க்கலாம்; இரண்டும் ஒரே குடும்பம். அடுத்து இலைக்காம்பைப் பாருங்கள். வெட்சி இலைக்குக் காம்பு இருப்பதே தெரியாது. அடிப்பகுதி இதயம்போல் வளைந்து தண்டை அணைத்திருக்கும். இதழ் நான்கும் கூர்மையாக முடியும். நர்சரியில் இதே பெயரில் விற்கும் சீன வகையில் இலைக்குக் குட்டைக் காம்பு உண்டு, இதழ் நுனி உருண்டிருக்கும், பூங்கொத்தும் பெரிது. சாலைத் தடுப்புகளில் வரிசையாக நிற்பவை குட்டை ரகங்கள். அவை அழகுக்கென்றே உருவாக்கப்பட்டவை.

வெள்ளைப் பூ பூத்தால் பாவட்டையாகவும் இருக்கலாம். பாவட்டை இலையை வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஆங்காங்கே கரும்புள்ளிகள் தெரியும். நோய் என்று பயந்து மருந்தடிக்கிறார்கள், தேவையில்லை. இலைக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் முடிச்சுகள் அவை, செடியோடு ஒன்றாகவே வாழ்பவை.

வெட்சியின் மொட்டு ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது நல்ல பாடம். மொட்டு விரியும் முன்பே மகரந்தப்பை வெடித்து, தூளைச் சூல்தண்டின் தலையில் ஏற்றிவிடுகிறது. பூ விரிந்ததும் அந்தத் தண்டு வெளியே நீண்டு நின்று, தேன் குடிக்க வரும் பட்டாம்பூச்சியின் மேல் தூளைப் பூசுகிறது. அதற்குப் பிறகுதான் அதன் நுனி இரண்டாகப் பிளந்து, வேறு பூவின் மகரந்தத்தை ஏற்கத் தயாராகிறது. பூக்குழலோ நீளமானது, அடியில் இருக்கும் தேன் நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பட்டாம்பூச்சிகளுக்குத்தான் எட்டும்.

இனி மஞ்சள் விவகாரம். கீழிருக்கும் முதிர்ந்த இலைகள் முழுதாக மஞ்சளானால், தழைச்சத்துப் பற்றாக்குறை என்று கொள்ளலாம், உரம் போடலாம். நுனித் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் அல்ல. வெட்சி இனத்துச் செடிகள் சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்புபவை. களர் மண்ணிலும், சுண்ணாம்பு நிறைந்த போர்த் தண்ணீரிலும் இரும்பு கரையாமல் இறுகிவிடுகிறது. வேரால் எடுக்க முடிவதில்லை. சுவரை ஒட்டி நட்ட செடி முதலில் வெளிறுவதற்கும் இதுவே காரணம்: சிமெண்ட் பூச்சிலிருந்தும் கட்டட இடிபாட்டிலிருந்தும் சுண்ணாம்பு மண்ணில் இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த நிலையில் மேலும் மேலும் உரம் கொட்டுவது வீண் செலவு.

உடனடி நிவாரணத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்), கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளிக்கலாம். சில வாரங்களில் புதுத்தளிர் பச்சையாக வரும். ஆனால் மண் மாறாவிட்டால் மஞ்சள் திரும்பிவிடும். செம்மண்ணில் இலைமட்கு தாராளமாகக் கலந்து, வேரடியில் சருகு மூடாக்குப் போடுங்கள். மழைநீரைப் பிடித்து ஊற்ற முடிந்தால் அதைவிட நல்ல மருந்து வேறில்லை.

பூ குறைவதற்குக் கத்திரியும் காரணம். வெட்சி கிளை நுனியில்தான் பூக்கும். வேலிபோல் மாதாமாதம் மட்டமாக வெட்டினால் மொட்டும் சேர்ந்து போகும். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் கவாத்து செய்தால் போதும். வெயில் குறைந்த இடத்தில் வைத்துவிட்டுப் பூவை எதிர்பார்க்க வேண்டாம். இலையில் கரிபோல் படர்ந்து எறும்பு ஊர்ந்தால், மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருக்கிறது. வேப்பெண்ணெய்க் கரைசல் கேட்கும்.

பூங்காவுக்குக் குட்டை ரகம் இருக்கட்டும். வீட்டில் ஒன்றே ஒன்று வைக்க இடமிருந்தால் நாட்டு வெட்சியைத்தான் வைக்கச் சொல்வேன். அதன் பழம் கருஞ்சிவப்பாகக் கனியும். பிள்ளைகளும் தின்னலாம், கொண்டைக்குருவிகளும் விடாது. இதற்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பழைய செடி வைத்திருப்பவரிடம் கேட்டு, பாதி முற்றிய தண்டில் ஒரு சாண் நீளம் நறுக்கி, மழைக்காலத்தில் நிழலில் ஊன்றி வையுங்கள். வேர் பிடிக்க ஒன்றிரண்டு மாதம் ஆகும். பிடித்ததும் சுவரை விட்டுத் தள்ளி, வெயில் படும் இடமாகப் பார்த்து நடுங்கள்.