திறந்த ஜீப்பின் மீது ஏன் சிங்கம் பாய்வதில்லை?

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவை ஒட்டிய காடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ஜீப்புக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. சக்கரத்தை உரசிக்கொண்டு போன சிங்கம் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏன்?”

வழிகாட்டிகள் இதற்கு ஒரு விடை வைத்திருப்பார்கள். வண்டியையும் ஆட்களையும் சேர்த்து ஒரே பெரிய மிருகம் என்று சிங்கம் நினைத்துக்கொள்கிறதாம். சிங்கம் என்ன நினைக்கிறது என்பதை யாரும் அளந்ததில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது பழக்கம்தான். அந்தக் காட்டுச் சிங்கம் குட்டியாக இருந்த நாள் முதல் இந்த வண்டிகளைப் பார்க்கிறது. அவை துரத்தியதில்லை, அடித்ததில்லை, தின்னவும் எதுவும் போட்டதில்லை. பயனும் இல்லை, பயமும் இல்லை என்று ஆகிவிட்ட பொருளை மூளை கவனிப்பதை நிறுத்திவிடுகிறது.

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் டவுன் பஸ் போனால் அவர் தலை நிமிர்வதில்லை. பஸ் நின்று, அறிமுகமில்லாத ஒருவர் இறங்கினால் பார்ப்பார். அந்த ஆள் நேரே தன்னை நோக்கி வந்தால் எழுந்து வீட்டுக்குள் போவார். கொல்லைக் கதவு திறந்திருந்தால் அந்த வழியாக வெளியேறியும் விடுவார். கொல்லைக் கதவு பூட்டியிருந்து, ஆள் திண்ணையிலேயே ஏறிவிட்டால்? மூலையில் சாத்தியிருக்கும் தடியைத்தான் எடுப்பார். உள்ளே பேரக்குழந்தை தூங்குகிறது என்றால் ஆள் வாசலை எட்டும் முன்பே தடி கைக்கு வந்துவிடும்.

விலங்குகளுக்கும் இப்படி ஓடும் எல்லை, பாயும் எல்லை என்று இரண்டு உண்டு என வகுத்துச் சொன்னவர் ஸ்விட்சர்லாந்தின் விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர். 1940-களில் எழுதினார், பல விலங்குக்காட்சிச் சாலைகளை நடத்தினார். அவர் கண்டது இதுதான்: ஒரு தூரத்துக்குள் போனால் விலங்கு விலகி ஓடும், ஓட வழியில்லாமல் அதைவிடச் சின்னத் தூரத்துக்குள் சிக்கினால் பாயும். சஃபாரியில் சொல்லப்படும் விதிகளில் பெரும்பாலானவை இந்த இரு வட்டங்களிலிருந்தே பிறக்கின்றன.

ஜீப்பிலிருந்து இறங்கியதும் வட்டம் சட்டென்று விரிகிறது. வண்டிக்குத்தான் விலங்கு பழகியிருக்கிறது, மனிதருக்கு அல்ல. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. லியானா சனெட் குழுவினர் க்ரூகர் வட்டாரத்தின் நீர்நிலைகளில் ஒலிபெருக்கிகளை மறைத்து வைத்து, சிங்கத்தின் உறுமலையும் மனிதர் சாதாரணமாகப் பேசும் குரலையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். மனிதக் குரலைக் கேட்டு விலங்குகள் ஓடிய வாய்ப்பு சிங்க ஒலிக்கு ஓடியதைப்போல் இரு மடங்கு. சிங்கக் குரலைக் கேட்ட யானை ஒன்று, ஓடுவதற்குப் பதிலாகக் கோபத்தில் பாய்ந்து கருவியையே நொறுக்கிவிட்டது. அந்தக் காட்டில் அதிகம் அஞ்சப்படும் விலங்கு நாம்தான்.

அந்த அச்சம் நமக்குக் காவல். ஆனால் ஓட முடியாத விலங்கிடம் அதே அச்சம் ஆபத்து. 2025 ஜூலையில் ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா பூங்காவில், வழிகாட்டிகளோடு நடந்து சென்ற இரண்டு பெண் பயணிகளைக் கொன்றது குட்டியோடு இருந்த தாய் யானை. குட்டியை விட்டு ஓட அதனால் முடியாது. நீர்யானைக்கோ தண்ணீர்தான் கொல்லைக் கதவு. இரவெல்லாம் கரையில் மேய்ந்துவிட்டு விடியலில் ஆற்றுக்குத் திரும்பும் அதன் தடத்தில் நிற்கக் கூடாது. அது ஆண்டுக்கு 500 பேரைக் கொல்கிறது என்று பட்டியல்கள் அடித்துச் சொல்கின்றன. அந்த எண்ணைத் தாங்க, கண்டம் முழுவதற்குமான கணக்கெடுப்பு எதுவும் இல்லை. தடத்தை அறிந்திருப்பதே பயன் தரும்.

அச்சம் தேய்ந்துபோன விலங்கு இன்னும் மோசம். 2015-இல் ஜோஹன்னஸ்பர்க் அருகே, அடைப்புக்குள் சிங்கங்களை வைத்திருந்த ஒரு பூங்காவில், கண்ணாடியை இறக்கிவிட்டிருந்த கார் ஜன்னல் வழியாகப் பெண் சிங்கம் பயணி ஒருவரைக் கொன்றது. வளர்ப்புச் சிங்கம் சாது என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள்.

சிங்கத்திடம் இந்த வட்டக் கணக்கை இரவில் நம்ப முடியாது. இருட்டில் அது வேட்டையாடி; விலகாமல் நெருங்கவும் கூடும். தான்சானியாவில் 1990-க்குப் பிந்தைய 15 ஆண்டுகளில் சிங்கங்கள் 563-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதாக ஆய்வாளர் கிரெய்க் பேக்கர் குழுவினர் பதிவு செய்தார்கள். காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க வயலில் தற்காலிகக் குடிசை போட்டுப் படுத்திருந்த விவசாயிகளும் அவர்களில் உண்டு. பௌர்ணமிக்கு அடுத்த நாட்களில் தாக்குதல் கூடுவதை அதே குழு பிறகு கண்டறிந்தது. அந்த நாட்களில் சூரியன் மறைந்த பின்னரே நிலா எழும். இடைப்பட்ட இருட்டில் மனிதர்கள் இன்னும் வெளியே நடமாடிக்கொண்டிருப்பார்கள். நிலவொளி இரவுகளில் இரை சரியாகக் கிடைக்காத சிங்கமோ பசியில் இருக்கும். சஃபாரி முகாம்களில் இருட்டிய பிறகு கூடாரத்திலிருந்து சாப்பாட்டு இடத்துக்குக்கூடக் காவலர் வந்து அழைத்துப் போகும்வரை காத்திருக்கச் சொல்வதற்கு இந்த இருட்டு ஆபத்தும் ஒரு காரணம்.