கண்ணுக்கு வேலையில்லாத பந்தி

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், முன்பு தேவாலயமாக இருந்த ஒரு கட்டடத்தில் 1999இல் 'ப்ளிண்டெகூ' என்ற உணவகம் திறக்கப்பட்டது. கைப்பேசி, ஒளிரும் கைக்கடிகாரம், லைட்டர் எல்லாவற்றையும் வெளியே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். முன்னால் நிற்பவரின் தோளில் கை வைத்து, வரிசையாக நடக்க வேண்டும். வரிசையை அழைத்துப் போகிறவர்தான் சாப்பாடும் பரிமாறுகிறார். அவருக்குப் பார்வை கிடையாது, அல்லது மிகக் குறைவு. கூடத்தில் துளி வெளிச்சமும் இல்லை.

ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் 1988இல் ஆண்ட்ரியாஸ் ஹைனெக்கே தொடங்கிய 'இருளில் உரையாடல்' கண்காட்சிதான் இதற்கெல்லாம் முன்னோடி. பிறகு பாரிஸில் 'டான் ல நுவார்' என்ற உணவகம் வந்தது. ஐதராபாத்தின் இனார்பிட் மாலில்கூட 'டேஸ்ட் ஆஃப் டார்க்னெஸ்' என்ற பெயரில் இப்படி ஓர் உணவகம் வந்தது.

நமக்குப் பழக்கமான இருட்டு வேறு. கரண்ட் போன இரவிலும் ஜன்னல் வழியே கொஞ்சம் வெளிச்சம் வந்துகொண்டுதான் இருக்கும். விழித்திரையில் உள்ள குச்சி செல்கள் ரொடாப்சின் என்ற நிறமியை மெல்ல மெல்லச் சேர்த்துக்கொள்கின்றன. இருபது முப்பது நிமிடங்களில் அலமாரியும் கதவும் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். முழு இருட்டில் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் பயனில்லை. கண் தயாராக இருக்கிறது, அதற்குள் வந்து விழ ஒளிதான் இல்லை.

ஆனாலும் மூளை சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூயே தாடினும் சக ஆய்வாளர்களும், முழு இருட்டில் தம் கையை முகத்துக்கு முன்னால் அசைத்துப் பார்க்கும்படி பலரிடம் சொன்னார்கள். கை அசைவது தெரிகிறது என்று ஏறக்குறைய பாதிப் பேர் சொன்னார்கள். கற்பனையாக இருக்குமோ என்று கருவி வைத்து விழியசைவைப் பதிவு செய்தார்கள். தெரிகிறது என்றவர்களின் விழிகள் உண்மையான பொருளைப் பின்தொடர்வதுபோல சீராக நகர்ந்தன. கை எங்கே இருக்கிறது என்று தசைகளும் மூட்டுகளும் அனுப்பும் செய்தியை வைத்து, மூளை தானே ஒரு காட்சியை வரைந்துவிடுகிறது. இருட்டிலும் சோறு மூக்குக்குப் போகாமல் வாய்க்கே போவது இந்த உடலுணர்வால்தான்.

சிக்கல் கைக்கும் தட்டுக்கும் இடையில் இருக்கிறது. முள்கரண்டி தட்டில் எதையோ குத்தும், பாரமில்லாமல் மேலே வரும், வாய்க்குள் வெறுங்கம்பி நுழையும். அடுத்த முறை பெரிய கீரை இலை ஒன்று கன்னத்தில் அப்பும். கொஞ்ச நேரத்தில் பலரும் கரண்டியை வைத்துவிட்டு விரல்களை இறக்கிவிடுகிறார்கள். நமக்கு இதில் சிரமமே இருக்காது. தண்ணீர் ஊற்றுவதற்குப் பார்வையற்றவர்கள் கையாளும் முறை எளிது: குவளையின் விளிம்புக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டு ஊற்ற வேண்டும். காதும் உதவும். நீர்மட்டம் உயர உயர மேலே உள்ள காற்று வெளி குறுகி, ஊற்றும் ஓசையின் சுருதி ஏறும்.

கண்ணை அடைத்துவிட்டால் நாக்கு கூர்மையாகிவிடும் என்று இந்த உணவகங்களின் விளம்பரம் சொல்கிறது. இதை நான் ஏற்கவில்லை. இருட்டில் பெரும்பாலோர் தடுமாறுவது, சாப்பிடுவது என்னவென்று பெயர் சொல்வதில்தான். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற சில சுவைகள் மட்டுமே. மீதியில் பெரும்பகுதி வாய்க்குள்ளிருந்து பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம். மணத்தைத் தனியாகக் கொடுத்தால் 'தெரிந்ததுபோல இருக்கிறதே' என்று திணறுகிறோம். பெயரை எடுத்துக் கொடுப்பது வழக்கமாகக் கண்.

பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் நடத்திய சோதனை ஒன்று 2001இல் வெளியானது. வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். முகர்ந்து பார்த்த மாணவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் அதை வர்ணித்தார்கள். பயிற்சி பெற்ற மூக்கையே நிறம் இழுத்துப் போய்விட்டது. இருட்டறையில் அந்த நிறம் போனதும், சுவையில் கண்ணின் பங்கு எவ்வளவு என்று வெளியே தெரிகிறது. சூடு, மொறுமொறுப்பு, பிசுபிசுப்பு எல்லாம் பெரிதாகத் தெரிவது அவற்றின் மேல் கவனம் திரும்புவதால்தான்.

வயிறு நிறைந்ததைச் சொல்வதிலும் கண்ணுக்குப் பங்குண்டு. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவினருக்குக் கண்ணைக் கட்டியும் இன்னொரு குழுவினருக்குக் கட்டாமலும் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். கண் கட்டப்பட்டவர்கள் சுமார் 9 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது, உண்மையில் சாப்பிட்டதைவிட 88 சதவீதம் அதிகமாகச் சொன்னார்கள். கண் கட்டப்படாதவர்களும் கூட்டித்தான் சொன்னார்கள், ஆனால் இவ்வளவு இல்லை.

அப்படியானால் பிறவியிலேயே பார்வையற்றவர்களுக்கு நாக்கு கூர்மையா? 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு மாறாகச் சொல்கிறது: அவர்களின் சுவையுணர்வு மற்றவர்களைவிடச் சற்று மந்தமாகவே இருந்தது. கடைக்குப் போவது, சமைப்பது, வெளியே சாப்பிடுவது எல்லாம் அவர்களுக்குக் கடினமாக இருப்பதால் பலவகை உணவுகளை ருசிக்கும் வாய்ப்பு குறைவு என்பது ஆய்வாளர்கள் தரும் ஒரு விளக்கம். என்னை மிகவும் வருத்திய விளக்கம் இது.

ஒரு மணி நேர இருட்டைப் பார்வையின்மை என்று நினைத்துவிடவும் கூடாது. பார்வையற்ற உளவியலாளர் ஏரியல் சில்வர்மனும் கொலராடோ பல்கலைக்கழகத்தில் அவருடன் பணியாற்றியவர்களும் சிலரின் கண்ணைக் கட்டி அன்றாட வேலைகளைச் செய்ய வைத்தார்கள். கட்டை அவிழ்த்ததும் அவர்களுக்குப் பார்வையற்றோர் மீது இரக்கம் கூடியிருந்தது. கூடவே, பார்வையற்றோரால் வேலை பார்க்கவும் தனியாக வாழவும் முடியாது என்ற எண்ணமும் வலுத்திருந்தது. முதல் நாள் தடுமாற்றத்தை மட்டும் அனுபவித்தவர்களுக்கு, பல ஆண்டுப் பழக்கத்தில் வரும் திறமை தெரியவில்லை.

அந்தத் திறமையை விருந்தாளிக்குக் காட்டக்கூடியவர் பரிமாறுபவர் ஒருவர்தான். கடிகார முள்ளை வைத்து அவர் வழி சொல்கிறார்: இறைச்சி ஆறு மணிப் பக்கம், காய்கறி இரண்டு மணிப் பக்கம். தண்ணீர் வேண்டுமானாலும், கழிப்பறைக்குப் போக வேண்டுமானாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். பெய்ஜிங்கில் திறந்த ஓர் இருட்டு உணவகத்திலோ பார்வையுள்ள பணியாளர்களே இரவில் பார்க்க உதவும் கருவியை மாட்டிக்கொண்டு பரிமாறினார்கள். சுவையைப் பற்றி மேலே சொன்ன எல்லாம் அங்கேயும் நடக்கும். பார்வையற்றவரின் திறமையோடு நேரும் அறிமுகம் மட்டும் நடக்காது. இப்படிப்பட்ட விருந்துக்குப் போக நினைப்பவர்கள், இடம் பதிவு செய்யும்போதே பரிமாறப்போவது யார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.