ஃபிராங்ஃபர்ட்ல இறங்கினதும் கார்டு மெஷின் கேட்கும் கேள்வி

சங்ககிரியில சாயங்காலம் கார்ல கிளம்பி, பெங்களூருல விடிகாலை விமானம் பிடிச்சா, ஃபிராங்ஃபர்ட் போக சுமார் 10 மணி நேரம். இறங்கினதும் ரெண்டு பேருக்கும் தூக்கக் கலக்கம். ஹோட்டல்ல கார்டை நீட்டுவீங்க. மெஷின் கேட்கும்: யூரோவா, ரூபாயா?

நம்ம காசுதானேன்னு ரூபாயை அழுத்தாதீங்க. அழுத்தினா, மாற்று விலையை நம்ம பேங்க் போடாது. அந்தக் கடைக்கு மெஷின் கொடுத்தவங்க, தங்க லாபத்தையும் சேர்த்துப் போடுவாங்க. டைனமிக் கரன்சி கன்வெர்ஷன்னு இதுக்குப் பேர். இதுக்கு மேல, நம்ம ஊர் பேங்க்குகள் பல கார்டுகளுக்கு 1% கட்டணமும் வாங்குது. வெளிநாட்டுக் கடையாச்சே!

யூரோன்னா இலவசமா? இல்லை. பல கிரெடிட் கார்டுல மார்க்கப் 3.5%, அதுக்கு 18% ஜிஎஸ்டி. ₹10,000 செலவுக்கு ₹413. ஆனாலும் ரூபாய் ரேட் பெரும்பாலும் இதைவிட மோசமாத்தான் இருக்கும். மார்க்கப்பே இல்லாத கார்டும் கிடைக்குது, டிக்கெட் போடும்போதே தேடுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி பேங்க் ஆப்ல வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் பண்ணிடுங்க. புது கார்டு உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்து வரும்.

ஏடிஎம்லயும் இதே கேள்வி வரும், கன்வெர்ஷன் வேண்டாம்னு சொல்லுங்க. கவுன்ட்டர்ல இருக்கிறவரே ரூபாயை அழுத்திட்டாரா? பின் போடாதீங்க, கேன்சல் பண்ணி யூரோவில் போடச் சொல்லுங்க. விசா, மாஸ்டர்கார்டு விதிப்படி எந்த நாணயம்னு முடிவு பண்ண வேண்டியது கார்டு வச்சிருக்கிற நீங்கதான்.