நோட்டுசுவர சாகித்தியங்கள்

நோட்டுசுவர சாகித்தியங்கள் எனப்படுபவை, கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) மேற்கத்திய இசை மெட்டுக்களுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்துப் பாடிய சிறு பாடல்களின் தொகுதியாகும். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் இராணுவ இசைக்குழுக்கள் சென்னையில் வாசித்த அணிவகுப்பு மெட்டுக்களும், அயர்லாந்து, இசுக்காட்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளின் நாட்டார் நடன மெட்டுக்களும் இப்பாடல்களுக்கு அடிப்படையாக அமைந்தன. பதிப்புக்கு ஏற்ப எண்ணிக்கை சிறிது வேறுபட்டாலும், ஏறத்தாழ 40 பாடல்கள் இவ்வகையில் கணக்கிடப்படுகின்றன. இவை அனைத்தும் சங்கராபரண மேளத்தின் சுவரங்களில் அமைந்தவை.

ஓர் இசை மரபில் முழுமையாகத் தேர்ந்த கலைஞர் மற்றொரு மரபின் புகழ்பெற்ற பாடல்களை எடுத்துத் தம் மரபுக்கு ஏற்ப மறுவாக்கம் செய்வது உலகெங்கும் காணப்படும் வழக்கமாகும். தென்னிந்தியாவில் அதற்கான மிகப் பழைய, தெளிவான எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக நோட்டுசுவர சாகித்தியங்களைக் கூறலாம்.

பெயர்க்காரணம்

சுவரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'நோட்' என்பது தமிழ் வழக்கில் 'நோட்டு' என்றாயிற்று. மேற்கத்தியச் சாயலில் அமைந்த மெட்டுக்களை 'நோட்டு' அல்லது 'இங்கிலீஷ் நோட்டு' என அழைப்பது இசைக்கலைஞரிடையே இன்றும் வழக்கிலுள்ளது. நாதசுவரக் கலைஞர்கள் வாசிக்கும் உருப்படிகளிலும் நோட்டு என்ற ஒரு வகை உண்டு. சாகித்தியம் என்பது பாடலின் சொற்பகுதியைக் குறிக்கும். எனவே, நோட்டு மெட்டின் சுவரங்களுக்கு அமைக்கப்பட்ட சாகித்தியம் என்பது இப்பெயரின் பொருளாகும்.

வரலாற்றுப் பின்னணி

தீட்சிதரின் தந்தையார் இராமசுவாமி தீட்சிதர் சிறந்த இசைப்புலவர். அம்சத்வனி இராகத்தை உருவாக்கியவராக இவர் கருதப்படுகிறார். திருவாரூரில் வாழ்ந்த இவரை, சென்னைக்கு வடக்கேயுள்ள மணலியைச் சேர்ந்த முத்துக்கிருஷ்ண முதலியார் தம்மூருக்கு அழைத்துச் சென்று ஆதரித்தார். முதலியார் கம்பனியின் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடைத்தரகராகவும் இருந்த குடும்பத்தினர். அவருடைய மகன் வேங்கடகிருஷ்ண முதலியாரும் தீட்சிதர் குடும்பத்துக்குத் தொடர்ந்து ஆதரவளித்தார்.

துபாசிகள் புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகளோடு நாள்தோறும் பழகியவர்கள். இந்தத் தொடர்பினால் தீட்சிதர் சகோதரர்களுக்குக் கோட்டையின் இசைக்குழுவைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியான பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய இசைக்கலைஞர் ஒருவரிடம் வயலின் பயின்று, அக்கருவியைக் கருநாடக இசைக்கு ஏற்றவாறு வாசிக்கத் தொடங்கினார். தீட்சிதரின் மாணவர்களான தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் வயலினில் புகழ்பெற்று, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவையை அலங்கரித்தார். இன்று வயலின் இல்லாத கருநாடக இசைக் கச்சேரியைக் காண்பது அரிது. நோட்டுசுவரங்களும் வயலினும் ஒரே சூழலில், ஒரே குடும்பத்தின் வழியாகக் கருநாடக இசைக்குள் வந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

அக்காலத்தில் மேற்கத்திய இசையில் ஆர்வம் சென்னையோடு நின்றுவிடவில்லை. தஞ்சாவூரை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரும் தம் அரண்மனையில் மேற்கத்திய இசைக்குழு ஒன்றை வைத்திருந்தார்.

திருத்தணியும் 'குருகுக' முத்திரையும்

தீட்சிதர் இளமையில் சிதம்பரநாத யோகி என்பவருடன் காசிக்குச் சென்று, சில ஆண்டுகள் அங்குத் தங்கி, வட இந்திய இசையையும் கேட்டறிந்தார். அங்கிருந்து திரும்பிய பின் முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றான திருத்தணிக்குச் சென்றார். ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகக் கூறப்படும் 365 படிகளைக் கொண்ட இம்மலைக்கோயிலில், முதியவர் வடிவில் வந்த முருகன் தீட்சிதரின் வாயில் கற்கண்டை இட்டு மறைந்தார் என்பது மரபுவழிச் செய்தியாகும். அப்போது அவர் மாயாமாளவகௌளை இராகத்தில் பாடிய 'ஸ்ரீ நாதாதி குருகுஹோ' என்ற கிருதியே அவருடைய முதற்பாடலாகக் கருதப்படுகிறது. அதனைத் தொடர்ந்து வடமொழியின் எட்டு வேற்றுமைகளிலும் அமைந்த குருகுக விபக்திக் கிருதிகள் உருவாயின. 'குருகுக' என்பதே அவருடைய முத்திரையாயிற்று.

இன்று தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் மணவூர், திருவாலங்காடு முதலிய ஊர்களுக்கு அண்மையில் உள்ள திருத்தணி, முன்பு ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது.

நோட்டுசுவரங்களின் காலத்தைக் கணிப்பதில் திருத்தணி நிகழ்ச்சி முக்கிய இடம் பெறுகின்றது. தீட்சிதர் மணலியில் வாழ்ந்த இளமைப் பருவத்தில் இவற்றை இயற்றினார் எனப் பொதுவாகக் கூறுவர். ஆனால் இப்பாடல்களுள் பலவற்றில் 'குருகுக' முத்திரை காணப்படுகிறது. அம்முத்திரை திருத்தணியில் தோன்றியது என்னும் மரபை ஏற்றுக்கொண்டால், முத்திரையுள்ள பாடல்கள் காசிப் பயணத்துக்குப் பின்னரே இயற்றப்பட்டிருக்க வேண்டும். இளமையில் கேட்ட மெட்டுக்களுக்குப் பிற்காலத்தில் சொற்கள் அமைத்தார் என்று கொண்டால் இரு செய்திகளும் முரண்படுவதில்லை.

மூல மெட்டுக்கள்

மூலம் அடையாளம் காணப்பட்ட பாடல்களுள் சில வருமாறு:

- சந்ததம் பாஹிமாம்: 'காட் சேவ் த கிங்' என்னும் பிரித்தானிய அரச வாழ்த்துப் பாடல்
- சுப்ரமண்யம் சுரஸேவ்யாப்ஜபதம்: 'பிரிட்டிஷ் கிரெனடியர்ஸ்' என்னும் இராணுவ அணிவகுப்பு மெட்டு
- வரசிவபாலம்: 'காஸ்டிலியன் மெய்ட்'
- ஜகதீச குருகுஹ: 'லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்' என்னும் இசுக்காட்லாந்து நடன மெட்டு
- கமலாசன வந்தித: 'காலோபீட்' என்னும் ஆங்கில நாட்டார் நடன மெட்டு
- பீதவர்ணம் பஜே: 'தாசா ப தாசா' என்னும் பாரசீகப் பாடல் மெட்டு

இப்பட்டியலில் இறுதியாக உள்ளது தனிக்கவனத்துக்கு உரியது. பாரசீகப் பாடலின் மெட்டு இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரிடையே பரவி, அவர்கள் வழியாகத் தீட்சிதரை அடைந்திருக்கிறது. மெட்டுக்கள் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியவையாக இருப்பதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

இசை அமைப்பு

மேற்கத்திய இசையின் மேஜர் சுவர வரிசையும் கருநாடக இசையின் 29ஆவது மேளமான தீரசங்கராபரணமும் ஒரே சுவரத்தானங்களைக் கொண்டவை. சட்சம், சதுச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம், காகலி நிஷாதம் என்பன அவை. ஆகவே மூல மெட்டின் சுவரங்களை மாற்றாமலேயே தீட்சிதரால் அவற்றைப் பயன்படுத்த முடிந்தது.

எனினும் இப்பாடல்களைச் சங்கராபரண இராகத்தில் அமைந்த கிருதிகளுடன் ஒன்றாகக் கருதுவதில்லை. தீட்சிதரின் 'அக்ஷயலிங்க விபோ' என்னும் சங்கராபரணக் கிருதி மெதுவான நடையில், கமகங்கள் நிறைந்து, இராகத்தின் முழு வடிவத்தையும் காட்டுவது. நோட்டுசுவரங்களில் கமகம் இல்லை. சுவரங்கள் அசைவின்றி நேராக ஒலிக்கும். சட்சம், காந்தாரம், பஞ்சமம் எனத் தாவிச் செல்லும் தொடர்கள் மிகுதி. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற பிரிவும் இல்லை. ஒரே சுவரத்தானங்கள் அமைந்தாலும் இராகம் வேறு, சுவர வரிசை வேறு என்பதை மாணவர்களுக்கு விளக்க இவ்விரு வகைகளையும் அடுத்தடுத்துக் கேட்பதே எளிய வழியாகும்.

தாளத்தைப் பொறுத்தவரை, மூன்று மூன்றாகவோ நான்கு நான்காகவோ எண்ணத்தக்க எளிய நடைகளே உள்ளன. எடுத்துக்காட்டாக, 'காட் சேவ் த கிங்' மெட்டு மூன்று எண்ணிக்கை கொண்ட 14 சிறு பகுதிகளால் ஆனது. முதற்பிரிவில் 6 பகுதிகளும் இரண்டாம் பிரிவில் 8 பகுதிகளும் உள்ளன. முதற்பிரிவு ஆதார சட்சத்தைச் சுற்றியே இயங்கி, இரண்டாம் பிரிவு பஞ்சமத்தில் தொடங்குகிறது. மெட்டு முழுவதும் கீழ் நிஷாதத்துக்கும் நடுத் தைவதத்துக்கும் இடையில், அதாவது ஒரு தாயிக்குள் அடங்கிவிடுவதால் பயிற்சி இல்லாத குரலும் இதனை எளிதில் பாடலாம்.

சாகித்தியத்தின் தன்மை

தீட்சிதர் மூலப் பாடல்களின் பொருளை மொழிபெயர்க்கவில்லை. மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, விநாயகர், முருகன், சிவன், இராமன், மீனாட்சி முதலிய தெய்வங்களைப் போற்றும் புதிய சொற்களை அமைத்தார். பெரும்பாலும் ஒரு சுவரத்துக்கு ஓர் எழுத்து என்ற முறையில் சொற்கள் பொருந்துகின்றன. வடமொழியின் நெடிலும் குறிலும் மெட்டின் நீண்ட, குறுகிய சுவரங்களோடு இயைந்து வருவதால், மெட்டுக்காகச் சொற்கள் வலிந்து நீட்டப்படவில்லை.

அரசரைக் காக்குமாறு இறைவனை வேண்டும் பாடலின் மெட்டு, தீட்சிதரின் கையில் அன்னை சியாமளையிடம் தன்னைக் காக்குமாறு பக்தன் வேண்டும் பாடலாகியது. படைவீரர்களின் அணிவகுப்பு மெட்டு, தேவசேனாபதியான முருகனுக்கு உரியதாகியது. காத்தல் என்ற வேண்டுதலும் படைத்தலைமை என்ற கருத்தும் மூலத்தோடு பொருந்துவதால், மூலப் பாடல்களின் பொருளைத் தீட்சிதர் ஓரளவேனும் அறிந்திருந்தார் எனக் கருத இடமுண்டு.

தமிழ் மரபில் வர்ணமெட்டு

முன்பே புழங்கும் மெட்டுக்குப் புதிய சொற்கள் அமைப்பது தமிழருக்குப் புதியதன்று. இதற்கு 'வர்ணமெட்டு' என்று பெயர். நாடக மேடையிலும் தொடக்ககாலத் திரைப்படங்களிலும் இம்முறை பெரிதும் கையாளப்பட்டது. தீட்சிதர் மறைந்த எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த சுப்பிரமணிய பாரதியாரும் தம் பாடல்கள் சிலவற்றுக்கு வேறு பாடல்களின் வர்ணமெட்டைக் குறித்துள்ளார். கடல் கடந்து வந்த மெட்டைத் தீட்சிதர் இம்முறையிலேயே அணுகினார் எனலாம்.

மேற்கத்திய இசையின் செல்வாக்கு வேறு வடிவங்களிலும் தொடர்ந்தது. பட்டணம் சுப்பிரமணிய ஐயர் கதனகுதூகல இராகத்தில் இயற்றிய 'ரகுவம்ச சுதா' மேற்கத்தியச் சாயல் கொண்டது. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்த 'இங்கிலீஷ் நோட்டு' மதுரை மணி ஐயரின் கச்சேரிகளால் பெரும் புகழ் பெற்றது. ஆனால் இவை மேற்கத்தியச் சாயலில் புதிதாக அமைக்கப்பட்டவை. தீட்சிதரின் நோட்டுசுவரங்களோ ஏற்கெனவே இருந்த மெட்டுக்களின் மறுவாக்கம். இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

பதிப்பும் பரவலும்

பாலுசுவாமி தீட்சிதரின் வழித்தோன்றலான சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலிருந்து தெலுங்கில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' என்னும் பெருநூலே தீட்சிதர் கிருதிகளுக்கும் வரலாற்றுக்கும் முதன்மை ஆதாரமாகும். இந்நூலைப் பின்னர் சென்னை மியூசிக் அகாதெமி தமிழில் வெளியிட்டது.

இந்நூல் உருவாகத் தூண்டுகோலாக இருந்தவர்களுள் சின்னசாமி முதலியார் என்பவர் முக்கியமானவர். இவர் 1893இல் கருநாடக இசை உருப்படிகளை மேற்கத்திய இசைக் குறியீட்டில் எழுதி வெளியிடத் தொடங்கினார். தீட்சிதர் மேற்கத்திய மெட்டுக்களைக் கருநாடக இசைக்குள் கொணர்ந்தார் எனில், சின்னசாமி முதலியார் கருநாடக இசையை மேலைநாட்டார் படிக்கும் எழுத்தில் தர முயன்றார்.

2000களின் பிற்பகுதியில், அமெரிக்காவில் வாழும் இசையமைப்பாளர் கன்னிக்ஸ் கன்னிகேசுவரன் நோட்டுசுவரங்களை ஆராய்ந்து ஒலிப்பதிவு செய்து வெளியிட்டார். 'விஸ்மயா' என்னும் இசைத்தொகுப்பில் இப்பாடல்கள் கெல்ட்டிய இசையுடன் மீண்டும் இணைக்கப்பட்டன.

உலக இசையில் ஒத்த நிகழ்வுகள்

அமெரிக்கக் கருப்பின மக்களின் புளூஸ் இசை 1960களில் பிரித்தானிய ராக் இசைக்குழுக்களுக்கு ஊற்றாக விளங்கியது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் பெயரையே மடி வாட்டர்சு 1950இல் வெளியிட்ட புளூஸ் பாடலிலிருந்து பெற்றது. பின்னர் 1997இல் வெளிவந்த 'பெயிண்ட் இட் புளூ' என்னும் தொகுப்பில், அதே குழுவின் ராக் பாடல்களைப் புளூஸ் கலைஞர்கள் தம் முறையில் பாடினர். கொடுத்தவர்கள் திரும்பப் பெற்றுக்கொண்ட நிகழ்வாக இதனைக் கருதலாம்.

நோட்டுசுவரங்களுக்கும் இதற்கும் ஒற்றுமையும் வேற்றுமையும் உண்டு. கேட்ட மெட்டைத் தம் மரபின் மொழியில் பேச வைப்பது இரண்டுக்கும் பொது. ஆனால் புளூஸ் கலைஞர்கள் சொற்களை வைத்துக்கொண்டு பாடும் முறையை மாற்றினர். தீட்சிதர் மெட்டை வைத்துக்கொண்டு சொற்களை முற்றாக மாற்றினார். முன்னதில் மூலக் கலைஞரின் பெயர் தொகுப்பிலேயே இடம்பெறுகிறது. பின்னதில் சாகித்தியம் மட்டும் நிலைத்து, மூல மெட்டின் பெயரைப் பாடுவோர் பலரும் அறியாத நிலை ஏற்பட்டது.

மதிப்பீடு

நோட்டுசுவரங்கள் பற்றி இரு வேறு கருத்துக்கள் நிலவுகின்றன. தீட்சிதரின் பெரும் கிருதிகளோடு ஒப்பிட இவை விளையாட்டாகச் செய்யப்பட்டவை, கச்சேரிக்கு உரியவை அல்ல என்பது ஒரு கருத்து. இராகத்தின் ஆழம் இவற்றில் இல்லை என்பது உண்மையே. மற்றொரு கருத்து, இவற்றைத் தீட்சிதரின் திறந்த மனப்பாங்கின் ஒரு பகுதியாகக் காண்கிறது. அவரே வட இந்திய இசையின் தாக்கத்தால் துவிஜாவந்தி, யமுனா கல்யாணி, அமீர் கல்யாணி ஆகிய இராகங்களில் சிறந்த கிருதிகளை இயற்றியவர். அங்கு அயல் இசையைக் கமகத்தோடு கருநாடக இசையாக்கினார். இங்கு அயல் மெட்டை அதன் இயல்பிலேயே விட்டு, சொல்லால் மட்டும் தமதாக்கினார். எது எவ்வளவு மாற்றத்தைத் தாங்கும் என்று அவர் தேர்ந்து செயற்பட்டதை இவ்வேறுபாடு காட்டுகின்றது.

மேலும், மெட்டு ஆட்சியாளருடையதாக இருப்பினும் பாடலின் பொருளில் ஆட்சியாளரைப் போற்றும் சொல் எதுவும் இல்லை. ஆகவே இவற்றை ஆங்கிலேயரைப் பின்பற்றிய முயற்சி என்று மட்டும் கொள்ள முடியாது.

தற்காலப் பயன்பாடு

'சக்தி சஹித கணபதிம்', 'சியாமளே மீனாக்ஷி' முதலிய நோட்டுசுவரங்கள் தொடக்கநிலை மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. கமகம் இன்மையால் சுவரத்தானங்களைத் துல்லியமாகப் பிடிக்கவும், வேகமான நடையால் தாளத்தில் உறுதி பெறவும் இவை உதவுகின்றன. வயலின், வீணை, புல்லாங்குழல் பயில்வோரும் விரல்பயிற்சிக்காக இவற்றை வாசிப்பர். பள்ளி விழாக்களில் சிறுவர்கள் குழுவாகப் பாடுவதற்கும் இவை ஏற்றவை.