ஏழு வருஷ இஎம்ஐ, மூணு வருஷ ஷீட்: பாலிஹவுஸ் போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

வேலை சென்னையிலயோ பெங்களூருலயோ. திருவண்ணாமலை பக்கம் அப்பா பேர்ல கொஞ்சம் கிணத்துப் பாசன நிலம். "பாலிஹவுஸ் போடுப்பா, மானியம் இருக்கு, மாசாமாசம் வருமானம் வரும்"னு யாராவது சொல்லியிருப்பாங்க. கொட்டேஷன் வாங்குறோம், மானியத்தைக் கழிக்கிறோம், மீதிக்கு இஎம்ஐ போட்டுப் பார்க்கிறோம். இதுல விட்டுப்போற ஒரு செலவு, மேல போர்த்துற பிளாஸ்டிக் ஷீட்.

மத்திய அரசோட எம்ஐடிஹெச் தோட்டக்கலைத் திட்டத்தின் 2014 விதிப்படி, சுமார் 1,000 சதுர மீட்டர் குழாய் அமைப்புக்குச் செலவு வரையறை சதுர மீட்டருக்கு 935 ரூபாய். அதாவது 9,35,000. பாதி மானியம், 4,67,500. (2025-ல விதிகளைத் திருத்திட்டாங்க, புது ரேட்டை தோட்டக்கலை அலுவலகத்துல கேட்டுக்கோங்க.) ஜிஐ பைப் பல வருஷம் நிக்கும். 200 மைக்ரான் யூவி ஷீட்டுக்கு ஆயுள் பொதுவா மூணு வருஷம்தான். ஏழு வருஷக் கடன்னா, அது முடியறதுக்குள்ள ரெண்டு தடவை ஷீட் மாத்தணும்.

ஷீட் ஏன் சாகுது? வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் பாலித்தீனோட நீளமான மூலக்கூறுகளை உடைக்குது. அதைத் தடுக்கத்தான் யூவி மருந்து கலக்குறாங்க. அந்த மருந்தும் கொஞ்சம் கொஞ்சமா தீரும். உள்ளே சாம்பல் நோய்க்கு கந்தகம் அடிச்சா இன்னும் சீக்கிரம் தீரும். செடியைக் காப்பாத்துற மருந்தே கூரையைத் தின்னுது, யாரும் இதைச் சொல்றதில்ல. பெரும்பாலும் முதல்ல கிழியற இடம் நடுப்பகுதி இல்ல. சூடான பைப்பைத் தொடுற இடமும், ஸ்பிரிங் கம்பி அழுத்துற இடமும்தான். அந்தப் பைப்புக்கு வெள்ளை பெயின்ட் அடிச்சா சூடு குறையும். தொய்வா இருந்தா காத்துல படபடன்னு அடிச்சுக்கும். 2024 ஃபெஞ்சல் மாதிரி மழை கொட்டினா தண்ணி பை மாதிரி தேங்கித் தொங்கும். கிழியறதுக்கு முன்னாடியே தூசி படிஞ்சு வெளிச்சம் குறையும், விளைச்சல் இறங்கும். அதனால அப்பப்போ தண்ணி அடிச்சுக் கழுவணும்.

இன்னொண்ணு. யூடியூப்ல காட்டுற ரோஜா, குடமிளகாய் எல்லாம் நிறைய ஓசூர் பக்கம் எடுத்தது. அது கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். திருவண்ணாமலை சமவெளி, சித்திரை வெயில்ல கிரிவலப் பாதையில செருப்பில்லாம நடந்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. காய்கறி நாத்து மட்டும் வளர்க்கிறதா இருந்தா நிழல்வலைக்குடிலே போதும்ங்கிறது என் கருத்து.

பாலிஹவுஸ்தான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, ஷீட்டும் மாத்துற கூலியும் சேர்த்துத் தனியா ஒரு விலை வாங்குங்க. உதாரணத்துக்கு 90,000 ரூபாய்னு வெச்சுக்கலாம். 36 மாசத்துக்கு மாசம் 2,500. இதை இஎம்ஐ ஆரம்பிக்கிற அதே மாசம் தனி ஆர்டியில போடுங்க. பயிர் வருமானத்துல பார்த்துக்கலாம்னு விட்டா, விலை விழுந்த சீசன்லதான் ஷீட்டும் கிழியும்.

வாங்கும்போது எடை போட்டுப் பாருங்க. 200 மைக்ரான் பாலித்தீன் ஒரு சதுர மீட்டர் சுமார் 184 கிராம் வரணும். 1,000 சதுர மீட்டருக்கு 184 கிலோ. 138 கிலோதான் வந்ததுன்னா அது 150 மைக்ரான். யூவி மருந்து எவ்வளவு கலந்திருக்குன்னு தராசு காட்டாது. அதனால எத்தனை வருஷ உத்தரவாதம், கந்தகம் அடிச்சா அது செல்லுமான்னு பில்லுலயே எழுதி வாங்குங்க.