ஈயச் சொம்பும் என் கர்வமும்

ஒவ்வொரு குடும்பத் தலைவிக்கும் ஏதாவது ஒரு பித்து இருக்கும். என் நாத்தனாருக்கு ஊறுகாய் ஜாடிகள். எதிர்வீட்டு மாமிக்கு வெண்கலப் பானைச் சாதம். எனக்கு ஈயச் சொம்பு ரசம்!

புடவை, நகை என்று நான் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. ஆனால் காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் நின்றால் ரச வாசனை வர வேண்டும், வருகிறவர்கள் "ஈயச் சொம்பு ரசமா?" என்று கேட்க வேண்டும். அதில் எனக்கு அவ்வளவு கர்வம். அந்தக் கர்வம் எப்படி அடங்கியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். இளம் தாய்மார்களுக்கும், என் போன்ற மாமியார்களுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

அந்தச் சொம்பு என் கல்யாணத்துக்காக அம்மா கும்பகோணத்தில் வாங்கிக் கொடுத்தது. கொடுக்கும்போது ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னாள். "அடுப்பில வெறும் சொம்பை வைக்காதே. புளித் தண்ணியை விட்டுட்டு அப்புறம்தான் அடுப்பில ஏத்தணும். வத்தவும் விடாதே. ஒரு நிமிஷத்தில் உருகிப் போயிடும்."

அம்மா காரணம் சொல்லவில்லை. பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஈயம் 232 டிகிரி சூட்டில் உருகிவிடும். அடுப்பு ஜ்வாலையின் சூடு அதைப்போல் பல மடங்கு. உள்ளே தண்ணீர் இருக்கும் வரை அது சூட்டை வாங்கிக்கொண்டு 100 டிகிரியில் கொதிக்கும். அதனால் சொம்பு பிழைக்கும். தண்ணீர் இல்லையென்றால் சொம்பு அரோகரா!

புத்திமதி கேட்டுக்கொண்டேனே தவிர, புத்தி வரவில்லை. 1981-ல், கல்யாணமாகி ஆறாவது மாதம், ரசத்தை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் தபால்காரரிடம் அம்மாவின் கடிதத்தை வாங்கினேன். அங்கேயே நின்று படித்தேன். இரண்டாம் தரமும் படித்தேன். உள்ளே வந்து பார்த்தால் ரசம் வற்றி, சொம்பின் அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை! அடுப்பில் வெள்ளிக் காசு போல ஒரு சொட்டு உறைந்து கிடந்தது.

மாமியார் திட்டுவார் என்று பயந்து அழுதேன். அவரோ, "போனால் போறது, ஓட்டையை அடைச்சுக்கலாம்" என்று மட்டும் சொன்னார். இரண்டு நாளில் "பாத்திரத்துக்கு ஈயம் பூசறது!" என்று கூவிக்கொண்டு தெருவில் ஒருவர் வந்தார். பளபளவென்று ஒரு கம்பியை உருக்கி, ஐந்தே நிமிஷத்தில் ஓட்டையை அடைத்துக் கொடுத்தார். கூலி மூன்று ரூபாய். புதுச் சொம்பே கிடைத்தது போல எனக்குச் சந்தோஷம். என் இரண்டு குழந்தைகளும் அந்தச் சொம்பு ரசம் குடித்துத்தான் வளர்ந்தார்கள்.

போன வருஷம் என் மாட்டுப்பெண் பிரசவத்துக்குப் போய், பேரனை ஏழு மாதக் குழந்தையாக அழைத்து வந்தாள். எட்டாம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ரசம் சாதம் குழைத்து ஊட்ட ஆரம்பித்தேன். அவன் சப்புக் கொட்டிச் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டுமே!

ஒரு நாள் அவள் சமையலறை வாசலில் தயங்கி நின்றாள். "அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்கோ. இந்தச் சொம்பு எந்த ஈயம்?" என்றாள்.

"எந்த ஈயம்னா? ஈயம் ஈயம்தான். எங்கம்மா வாங்கினது. இதில சாப்பிட்டுத்தான் உன் ஆத்துக்காரர் இன்ஜினீயர் ஆனார்" என்றேன் வெடுக்கென்று.

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல் என்பார்களே, அப்படி இருந்தது எனக்கு. அவள் பதில் பேசவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து எவர்சில்வர் கிண்ணத்தில் குழந்தைக்கென்று தனியாக ஒரு ரசம் வைத்தாள். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இரண்டு ரசம். நாங்கள் சண்டை போடவில்லை. அதைவிட மோசம், பேச்சைக் குறைத்துக்கொண்டோம். சாப்பிடும்போது பிள்ளை என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பான். அவன் தட்டில் எந்த ரசத்தை ஊற்றிக்கொள்வது என்று அவனுக்கே தெரியவில்லை, பாவம்!

குழந்தைக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போடப் போனபோது நானும் கூடப் போனேன். உண்மையைச் சொல்வதானால், டாக்டரம்மா என் பக்கம் பேசுவார் என்று நம்பித்தான் போனேன். நானே விஷயத்தை ஆரம்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "உங்க மருமகள் கேட்டது ரொம்பச் சரியான கேள்வி, மாமி" என்றார்.

அவர் சொன்னதன் சாரம் இது. தமிழில் ஈயம் என்று நாம் சொல்வது இரண்டு வேறு உலோகங்களை. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். ரசச் சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில்தான். அதனால் கெடுதல் இல்லை. காரீயமோ விஷம். ஆனால் வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப்போல் பல மடங்கு. ஆகவே கலப்படம் செய்ய ஆசை வருகிறது. கலந்தால் பார்வைக்குத் தெரியாது. புளி, தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருள்கள் கொதிக்கும்போது காரீயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கும். ரசத்தில் வாசனையும் மாறாது. எவ்வளவு கொதித்தாலும் அது போகாது.

"பெரியவங்களுக்கு ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு வரலாம். குழந்தைகளுக்குத்தான் அதிக ஆபத்து" என்றார். ஒரே அளவு காரீயம் வயிற்றுக்குள் போனால் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாக ஈர்த்துக்கொள்ளுமாம். வளரும் மூளையை அது தாக்குகிறது. படிப்பில் கவனம் குறையும், புத்திக் கூர்மை குறையும், ரத்த சோகை வரும். எலும்பில் போய்த் தங்கிக்கொள்ளும். ஒரு பெண் கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து மறுபடி ரத்தத்துக்கு வந்து, வயிற்றிலுள்ள சிசுவையும் சேரும். இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே காரீயத்துக்குத் தெரியவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. பெட்ரோலில் காரீயம் சேர்ப்பதை நம் நாட்டில் 2000-ல் நிறுத்தியதும் இந்தக் காரணத்தால்தான் என்றார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஆனாலும் மனசுக்குள் ஒரு மூலையில், "அம்மா வாங்கினது அப்படி இருக்காது" என்று ஒரு குரல். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையிடம் சொம்பைக் கொடுத்தேன். "சோதனை பண்ணிண்டு வா. ஒண்ணுமில்லைன்னு வந்தா, இனிமே வீட்டில ஒரே ரசம்தான்" என்றேன்.

தொழிற்பேட்டையில் உலோகங்களைச் சோதித்துச் சொல்லும் கூடம் ஒன்று இருக்கிறது. தங்கத்துக்கு மாற்றுப் பார்ப்பது போல ஒரு கதிரைப் பாய்ச்சி, எந்த உலோகம் எத்தனை பங்கு என்று சொல்லிவிடுகிறார்கள். பாத்திரத்தைச் சுரண்ட வேண்டியதில்லை, உருக்க வேண்டியதில்லை. சாயங்காலம் பிள்ளை காகிதத்தோடு வந்தான். சொம்பின் கழுத்து, வயிறு எல்லாம் நல்ல வெள்ளீயம். அம்மா ஏமாறவில்லை! நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இரும்மா, இன்னொண்ணு இருக்கு" என்றான். அடியில் ஓட்டை அடைத்த இடத்தில் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி காரீயம்.

அந்தப் பளபளக் கம்பி! வெள்ளீயமும் காரீயமும் கலந்தால் இரண்டையும்விடச் சீக்கிரமாக, 183 டிகிரியிலேயே உருகிவிடுமாம். பற்றவைக்க அது சுலபம், விலையும் மலிவு. அடைத்துக் கொடுத்தவர் மேல் குற்றமில்லை. வாளிக்கும் வடிகுழாய்க்கும் பற்றவைக்கிற மாதிரி இதற்கும் வைத்தார். அதில் தினம் புளி கொதிக்கும் என்று யார் யோசித்தார்கள்? நான் கடிதம் படித்த ஐந்து நிமிஷத்துக்கு இத்தனை வருஷம் விலை கொடுத்திருக்கிறோம்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பேரனுக்கு இரண்டு மாதமாக நான் ஊட்டியது நினைவில் வந்து வந்து போயிற்று. மறுநாளே ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். முடிவு வரும் வரை மாட்டுப்பெண் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் அழ வைத்தது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு. குழந்தைக்கு அதற்குக் குறைவாகவே இருந்தது. "நல்ல வேளை, சீக்கிரம் கண்டுபிடிச்சீங்க. வர்ற வழியை அடைச்சாச்சு, அதுதான் முக்கியம். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறையாமல் சாப்பாடு கொடுங்க. அந்தச் சத்துகள் குறைஞ்சா உடம்பு காரீயத்தை அதிகமா இழுத்துக்கும்" என்றார் டாக்டரம்மா. கீரை, கேழ்வரகு, பருப்பு, தயிர் எல்லாம் இப்போது அவன் கிண்ணத்தில் தவறாமல் உண்டு.

அன்றே சொம்பைத் துடைத்து அலமாரி மேல்தட்டில் வைத்துப் பூட்டினேன். பழைய பாத்திரக்காரரிடம் போட மனம் வரவில்லை. அது இன்னொரு வீட்டு அடுப்பில் ஏறக்கூடாதே! அம்மாவின் ஞாபகமாக அது அங்கேயே இருக்கட்டும். இப்போது ரசம் எவர்சில்வர் பாத்திரத்தில்தான். முதல் நாள் கை நடுங்கியது. இவர் வழக்கம்போலப் பேப்பர் படித்துக்கொண்டே இரண்டாம் தரம் ரசம் கேட்டார். "இன்னிக்கு ரசம் ஜோர். என்ன இருந்தாலும் ஈயச் சொம்புன்னா ஈயச் சொம்புதான்" என்றார்! நானும் மாட்டுப்பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சேர்ந்து சிரித்தோம்.

ருசி சொம்பில் பாதி என்றால், இறக்கும் நேரத்தில் பாதி. நான் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

நாலு பேருக்கு: சின்ன எலுமிச்சம்பழ அளவு புளியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து, இரண்டு தக்காளி பிசைந்து, உப்பு, மஞ்சள் பொடி, பெருங்காயம் சேர்த்துச் சின்னத் தீயில் பச்சை வாசனை போகும் வரை கொதிக்க விடவும். தனியா 2 தேக்கரண்டி, மிளகு 1 தேக்கரண்டி, துவரம்பருப்பு 1 தேக்கரண்டி, வற்றல் மிளகாய் 2 ஆகியவற்றை வறுத்து, அரைத் தேக்கரண்டி சீரகத்தைப் பச்சையாகச் சேர்த்துப் பொடித்துப் போடவும். இரண்டு நிமிஷம் கழித்து, வெந்த பருப்பைக் கரைத்த தண்ணீர் இரண்டு டம்ளர் விடவும். மேலே நுரை கட்டி எழும்பும்போதே இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் கொதித்தால் வாசனை ஆவியோடு போய்விடும். நெய்யில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொத்துமல்லி தூவி மூடி வைக்கவும். குழந்தைக்கு உப்பு, காரம் சேர்க்கும் முன்பே பருப்புத் தண்ணீரைத் தனியாக எடுத்துவிடுங்கள்.

ஈயச் சொம்பு வைத்திருக்கும் சகோதரிகள் கவனிக்க வேண்டியவை:

1. பாட்டி காலத்துச் சொம்பு என்பதற்காக நம்பிவிடாதீர்கள். புதியது என்பதற்காகவும் நம்பாதீர்கள். சோதித்த பிறகே சமையுங்கள்.

2. காகிதத்தில் தேய்த்துப் பார்த்தால் காரீயம் கறுப்புக் கோடு போடும் என்பார்கள். காரீயம் மிகுதியாக இருந்தால்தான் அப்படித் தெரியும். கோடு விழவில்லை என்பதால் சுத்தம் என்று அர்த்தமில்லை.

3. ஓட்டை அடைத்த சொம்பு அடுப்புக்கு வேண்டாம். உள்ளே சோதிக்கும்போது அடிப்பாகத்தையும் ஒட்டுகளையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

4. நல்ல சொம்பானாலும் அதில் தாளிக்க வேண்டாம். எண்ணெயின் சூடு தண்ணீரைப்போல் 100 டிகிரியில் நிற்காது.

5. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசக் கொடுத்தாலும் இதே கேள்விதான்: வெள்ளீயமா, காரீயம் கலந்ததா?

6. சந்தேகமான பாத்திரத்தில் சமைத்ததைக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிட்டிருந்தால், பயந்துபோகாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு வார்த்தை. வீட்டுக்கு வந்த பெண் "இது என்ன, ஏன்?" என்று கேட்டால் நம்மை அவமதிக்கிறாள் என்று அர்த்தமில்லை. நம் குழந்தைகளுக்காக நாம் கேட்க மறந்ததைத் தன் குழந்தைக்காக அவள் கேட்கிறாள். அன்று அவள் தயங்கி நின்றாளே, அந்தத் தயக்கத்துக்குக் காரணம் என் முகம்தான் என்று இப்போது தெரிகிறது. முகத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அவள் வந்து, "அம்மா, இந்த மஞ்சள் பொடி ஏன் இவ்வளவு பளிச்சுனு இருக்கு?" என்று கேட்டாள்.

"வா, பார்க்கலாம்" என்றேன்.